முதலாளி லீவு தரமாட்டேன் என்கிறாரா? ஆத்தூர் வட்டாரத்துக்கான செயல்முறைக் கையேடு

சேலத்திலிருந்து கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் வந்தால் ஆத்தூர். இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. சேகோ பேக்டரி, அரிசி மில், ஜவுளிக்கடை, நகைக்கடை, பைனான்ஸ், தனியார் பள்ளிக்கூடம் என்று எதில் வேண்டுமானாலும் சேரலாம். சேர்வது சுலபம். சேர்ந்த பிறகு ஒரு நாள் போகாமல் இருப்பதுதான் கஷ்டம்.

சம்பளத்தோடு கூடிய வருடாந்திர விடுப்பு என்று ஒன்று இருப்பதாகச் சட்டப் புத்தகத்தில் 1948-லிருந்து எழுதியிருக்கிறது. ஆத்தூரில் அதைக் கேள்விப்பட்டவர்கள் உண்டு, கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இந்தக் கையேடு. படிப்படியாகச் செய்துவரவும். இடையில் ஒரு படியைத் தாண்டிக் குதிக்க நினைப்பவர்கள் ஏழாம் படிக்கே போய்விடலாம். ஆனால் நம் ஊரில் யாரும் முதல் ஆறு படிகளில் விழுந்து எழாமல் ஏழாம் படிக்கு வந்ததாக வரலாறு இல்லை.

படி 1: காலம் பார்க்கவும்

நல்ல காரியம் எதற்கும் நேரம் பார்க்க வேண்டும். லீவு கேட்பதற்கும் அப்படியே.

சேகோ பேக்டரி ஆட்கள் கவனிக்க. ஐப்பசி வாக்கில் கிழங்கு லோடு வர ஆரம்பித்துவிட்டால் கேட்காதீர்கள். பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது. கறுத்துவிடும், மாவு குறையும், விலை இறங்கும். வாசலில் லாரி நிற்கும்போது முதலாளி முகத்தில் நியாயம் தெரியும். அந்த நியாயத்தை நாமும் மதிப்போம்.

சரி, அரைவை கொஞ்சம் தணிந்தது. இப்போது கேட்கலாமா? வானத்தைப் பாருங்கள். வெயில் அடித்தால், "இந்த வெயிலுக்குத்தாம்ப்பா ஜவ்வரிசி காயும், களத்துல ஆள் வேணும்" என்பார். மேகம் போட்டால், "திடீர்னு மழை வந்தா யாருப்பா அள்ளறது, தார்ப்பாய் யாரு போடறது?" என்பார். வெயிலும் இல்லாமல் மேகமும் இல்லாமல் ஒரு நாள் வரும்வரை காத்திருப்பது உத்தமம். ராத்திரி அப்படித்தான் இருக்கும். ஆனால் ராத்திரி ஷிப்டு இருக்கிறது.

கிழங்கு வரத்து நின்ற பிறகு? அப்போது கேட்கவே வேண்டாம். "வீட்ல இரு, சொல்லி அனுப்பறேன்" என்று அவரே சொல்லிவிடுவார். கேட்டபோது கிடைக்காத லீவு கேட்காதபோது மூட்டை மூட்டையாகக் கொட்டும். சம்பளம் மட்டும் கூட வராது.

ஜவுளிக்கடைக்காரர்களுக்கு வேறு பஞ்சாங்கம். ஆடியில் தள்ளுபடி. ஆவணியில் முகூர்த்தம். புரட்டாசியில் தீபாவளிச் சரக்கு இறங்கும். ஐப்பசியில் தீபாவளி. கார்த்திகையில் மறுபடி முகூர்த்தம். மார்கழியில் பொங்கலுக்கு அடுக்க வேண்டும். தையில் பொங்கல், அதோடு முகூர்த்தம். மாசியில் ஸ்டாக் எடுப்பார்கள். பங்குனியில் கணக்கு முடிப்பார்கள். சித்திரை, வைகாசியில் கல்யாணக் கூட்டம். மிச்சமிருப்பது ஆனி. ஆனியில் வியாபாரம் டல்லாக இருப்பதால் முதலாளி மனசு சரியில்லாமல் இருப்பார். அப்போது போய் லீவு கேட்பது மனிதத்தன்மை ஆகாது.

படி 2: காரணத்தைத் தேர்வு செய்யவும்

"ஓய்வு வேண்டும்" என்பது காரணம் அல்ல. அது திமிர். வீட்டில் சும்மா படுத்துக் கிடக்க வேண்டும், பிள்ளைகளோடு ஏற்காடு போக வேண்டும் என்பதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னவர்கள் அடுத்த மாதம் முழுக்க மூட்டை அடுக்கும் பக்கம் நின்றிருக்கிறார்கள். ஒரு மூட்டை ஜவ்வரிசி 90 கிலோ.

செல்லுபடியாகும் காரணங்கள் நான்கு.

முதலாவது, சாவு. பட்டணத்தில் இது எளிது. பெங்களூரில் வேலை பார்க்கிறவர் ஆயாவை எத்தனை முறை வேண்டுமானாலும் சாகடிக்கலாம். மேனேஜருக்கு எந்த ஆயா என்று தெரியாது. ஆத்தூரில் அது நடக்காது. நீங்கள் பெத்தநாயக்கன்பாளையம் என்றால் முதலாளியின் சம்பந்தி அதே ஊர். கெங்கவல்லி என்றால் அவருக்கு அங்கே தோட்டம். "ஆயா செத்துடுச்சுங்க" என்று போனில் சொல்லி முடித்த ஒரு மணி நேரத்தில், கையில் ரோஜா மாலையோடு முதலாளியே கார் விட்டு இறங்குவார். உங்கள் ஆயா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே, "வாங்க சாமி, யாரு வீட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்கும். மாலையை எங்கே வைப்பது என்பது அதற்குப் பிறகு இரு தரப்புக்குமே சங்கடம். ஆகையால் சிறிய ஊர்களில் சாவு உண்மையாக இருப்பது நல்லது.

இரண்டாவது, காதுகுத்து. அதிலும் அக்கா, தங்கை பிள்ளைக்குத் தாய்மாமன் நீங்கள் என்றால் இது அசைக்க முடியாத காரணம். மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்குக் காது குத்த முடியாது என்பது முதலாளிக்கும் தெரியும். அவரும் எங்கோ ஒரு பிள்ளைக்கு மாமன்தான். சட்டத்தில் இல்லாத இந்த உரிமை, சட்டத்தில் இருக்கிற எல்லா உரிமையையும்விட இங்கே பலமானது. குறை ஒன்றே ஒன்று. ஆளுக்கு இத்தனை அக்கா தங்கைதான், அவர்களுக்கு இத்தனை பிள்ளைதான். முப்பத்தைந்து வயதுக்குள் இந்தக் கையிருப்பு தீர்ந்துவிடும்.

மூன்றாவது, சாமி. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு என்றால் தடுக்கமாட்டார். சாமி குத்தம் தன் மேல் வந்துவிடும் என்ற பயம். ஆனால் பக்கத்துச் சாமி உதவாது. புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022-ல் குடமுழுக்கு நடந்த முத்துமலை முருகன் 146 அடி உயரம். பஸ்ஸில் போகிறவருக்கும் தெரிவார். "அதான் ரோட்டுலயே நிக்கிறாரே, ஷிப்டு முடிச்சுட்டுப் போ" என்று சொல்லிவிடுவார்கள். தூரத்துச் சாமியாகப் பார்த்துக்கொள்ளவும். பழனிக்குப் பாதயாத்திரை நல்லது. சபரிமலை அதைவிட நல்லது, அதுவும் முதலாளியே குருசாமியாக இருந்து, அவருடைய குழுவில் நீங்கள் போவதாக இருந்தால். அப்போது லீவு கேட்கவே வேண்டாம். போகிற வழியெல்லாம் அவருக்கு எடுபிடி வேலை செய்வதால் அதை லீவு என்று கணக்கில் எழுதாமலும் போகலாம்.

நான்காவது, உடம்புக்கு முடியவில்லை. இதைப் பற்றி ஒரு விஷயம் நிஜமாகவே தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால், இ.எஸ்.ஐ. டாக்டர் எழுதிக்கொடுக்கும் நாட்களுக்கு, ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் இ.எஸ்.ஐ. கழகமே தரும். அந்த நாட்களில் உங்களை வேலையை விட்டு எடுக்கவும் கூடாது. இது முதலாளி தரும் சலுகை அல்ல, உங்கள் சம்பளத்தில் பிடித்த காசு. இவ்வளவு இருந்தும் நம் ஆட்கள் மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு களத்துக்கு வருகிறார்கள். ஏனென்று கேட்டால், "ஓனர் கோவிச்சுக்குவாருங்க" என்கிறார்கள்.

படி 3: கேட்கும் முறை

காலையில் போணி ஆவதற்கு முன் கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து கற்பூரம் அணைவதற்கு முன்னும் கேட்காதீர்கள். அவர் போனில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் ஜவ்வரிசி ஏல விலை கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கமே போகாதீர்கள். விலை ஏறியிருந்தால், "இந்த நேரத்துலயா?" என்பார். இறங்கியிருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார், பார்ப்பார்.

மேசைக்குப் பக்கவாட்டில் நிற்கவும். நேர் எதிரே நின்றால் சண்டைக்கு வந்ததாக அர்த்தம். லீவு என்ற சொல்லை உபயோகிக்காமல், "ஒரு எட்டு ஊருக்குப் போயிட்டு வந்துடறேனுங்க" என்று சொல்லவும். மூன்று நாள் வேண்டும் என்றால் ஐந்து நாள் கேட்கவும். அவர் ஒன்றில் ஆரம்பிப்பார். பேரம் படிந்து ஒன்றரை நாளில் முடியும். அந்த அரை நாளை உங்கள் வெற்றியாகக் கொண்டாடலாம்.

பெண்களுக்குத் தனிக் குறிப்பு. ஜவுளிக்கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே துணியைப் பிரித்துப்போட்டு மடிக்கிற பெண்களுக்கு, ஆள் இல்லாத நேரத்தில் உட்கார ஒரு இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல்தான் கடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். கடைக்குள் உட்காரவே சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது என்றால், வீட்டில் போய் உட்காருவதற்கு எத்தனை மன்றம் கூட வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: பதிலை வாங்கிக்கொள்ளவும்

முதலாளிகள் யாரும் "முடியாது" என்று சொல்வதில்லை. அது நம் பண்பாட்டில் கிடையாது. "பாக்கலாம்" என்பார்கள். பார்க்கமாட்டார்கள். "மேனேஜர்கிட்ட சொல்லிட்டுப் போ" என்பார்கள். மேனேஜர், "ஓனர்கிட்ட சொல்லிட்டியா?" என்பார். இந்த இரண்டு மேசைக்கும் நடுவே நடப்பதிலேயே காதுகுத்து முடிந்து பந்தல் பிரித்திருப்பார்கள்.

"நீ இல்லன்னா இங்க யாருப்பா பாத்துக்குவா?" என்பது அடுத்தது. கேட்கும்போது நெஞ்சு நிறையும். நிறைந்ததும் உடனே சம்பள உயர்வு கேட்டுப் பாருங்கள். "நீ போனா இன்னொருத்தன் வர்றான்" என்று பதில் வரும். இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே வாரத்தில் வரும்.

"முப்பது வருசமா நான் ஒரு நாள் லீவு போட்டதில்ல, தெரியுமா?" என்பார். உண்மைதான். ஏற்காடு கோடை விழாவுக்குப் போனது, மகனைச் சேர்க்கக் கோயமுத்தூர் போனது, மச்சான் வீட்டு விசேஷத்துக்கு நான்கு நாள் தங்கியது எதற்கும் அவர் லீவு போடவில்லை. யாரிடம் போடுவார்?

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: "நாமெல்லாம் ஒரே குடும்பமா இருக்கோம், இதுல என்ன லீவு கணக்கு?" இதற்கு எதிர்ப்பேச்சு பேசாதீர்கள். தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். அந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினை நடக்கும் அன்று போய் ஒரு ஓரமாக நின்று பாருங்கள். உங்கள் பங்கு எது என்று சொல்வார்கள்.

விஷயம் தெரிந்த முதலாளி என்றால் வெளிநாட்டை இழுப்பார். "அமெரிக்காவுலயே சம்பளத்தோட லீவு கொடுக்கணும்னு சட்டம் இல்ல." இதுவும் உண்மை. அங்கே கூட்டரசுச் சட்டம் ஒரு நாள்கூடக் கட்டாயமாக்கவில்லை; கம்பெனிக்கும் ஆளுக்கும் பேசிக்கொள்வதுதான். நீங்கள் ஜப்பானைச் சொல்லுங்கள். பத்து நாளுக்குக் குறையாமல் விடுப்பு உள்ள தொழிலாளியை ஆண்டுக்கு ஐந்து நாளாவது எடுக்கவைப்பது முதலாளியின் கடமை என்று 2019-ல் அங்கே சட்டம் வந்தது. அந்த ஊரில் ஆட்களே லீவு எடுக்க மறுக்கிறார்கள். இதைச் சொன்னதும் முதலாளி முகம் மலரும். அடுத்த வருடம் ஜப்பானிலிருந்து ஆள் கிடைக்குமா என்று புரோக்கரிடம் விசாரிப்பார்.

படி 5: அரசு லீவை நம்பவும்

சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குக் கலெக்டர் உள்ளூர் விடுமுறை விட்டதாகப் பேப்பரில் வரும். சந்தோஷப்பட வேண்டாம். அது பள்ளிக்கூடத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும். உங்களுக்குப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், அவ்வளவுதான்.

ஆனால் 1958-ல் தமிழ்நாட்டில் போட்ட தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இதோடு ஐந்து பண்டிகை நாட்கள், ஆக ஒன்பது நாள் சம்பளத்தோடு லீவு. அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு வேறொரு நாள் லீவு. நம்மூரில் அன்றைக்கு வேலை வாங்கிவிட்டு மிட்டாய் கொடுப்பார்கள். கொடியேற்றிய மிட்டாய். அதை இரட்டைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

தேர்தல் நாளில் மட்டும் எல்லா முதலாளியும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஓட்டுப் போட சம்பளத்தோடு லீவு தராவிட்டால் 500 ரூபாய் வரை அபராதம். ஜனநாயகத்தின் மேல் இருக்கும் மரியாதையா, 500 ரூபாயின் மேல் இருக்கும் மரியாதையா என்று ஆராய்ச்சி செய்ய வேண்டாம். லீவு கிடைத்ததா, போய் ஓட்டுப் போடுங்கள்.

படி 6: சொல்லாமல் போவது, சொல்லாமல் அனுப்புவது

இத்தனை செய்தும் கிடைக்காவிட்டால் நம் ஆட்கள் கையாளும் வழி, போனை அணைத்துவிட்டுப் போய்விடுவது. இது வேண்டாம். காரணம் தர்மநியாயம் அல்ல, கணக்கு. நீங்கள் சொல்லாமல் போன நாள் முதலாளிக்குக் கிடைத்த பரிசு. சம்பளம் பிடிப்பார், அட்டெண்டன்ஸ் போனஸ் பிடிப்பார், பிறகு என்றைக்கு உங்களை அனுப்ப நினைக்கிறாரோ அன்றைக்கு அந்தப் பழைய தேதிகளை வரிசையாக எடுத்து வைப்பார். அதற்கெல்லாம் அவரிடம் பதிவேடு சுத்தமாக இருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. கேட்டால் ஒரு நாள் தராதவர், சில நேரம் கேட்காமலே பத்து நாள் தருவார். "ஒரு பத்து நாள் ஊர்ல இருந்துட்டு வா, அப்புறம் புதுசா பேர் போட்டுக்கலாம்" என்பார். என்ன திடீர்க் கருணை என்று அசந்துவிடாதீர்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அந்த 480-ஐ நீங்கள் தொட்டுவிடக்கூடாது என்பதற்காக வரும் லீவு இது. உங்கள் காதுகுத்து, கிடாவெட்டு எதுவும் ஞாபகம் இல்லாதவருக்கு நீங்கள் எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்பது மட்டும் நாள் தவறாமல் ஞாபகம் இருக்கிறது. அவர் எண்ணுகிறார். நாம்தான் எண்ணுவதில்லை.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து மில்லிலும் பேக்டரியிலும் நிற்கிறவர்களுக்கு இது இன்னும் சிக்கல். ஊருக்குப் போய்ச்சேரவே இரண்டு மூன்று நாள். ஒரு நாள் லீவு, ஒன்றரை நாள் லீவு என்ற பேரம் அவர்களுக்குப் பொருந்தாது. போனால் திரும்பமாட்டான் என்று ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு அனுப்பும் முதலாளிகள் உண்டு. சட்டத்தில் இருக்கும் லீவு அவர்களுக்கும் அதே அளவுதான், மொழி தெரியவில்லை என்பதற்காகக் குறையாது.

படி 7: ஒரு வெள்ளைத் தாள்

இதுவரை சொன்ன ஆறு படிக்கும் ஆன செலவு: பஸ் டிக்கெட், மாலை, பொய், மானம். ஏழாம் படிக்கு ஆகும் செலவு ஒரு தாள், ஒரு பேனா.

விடுப்பு விண்ணப்பம் எழுத நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். அனுப்புநர், பெறுநர், ஐயா, எனக்குக் காய்ச்சல் அடிப்பதால். பரீட்சைக்கு வரும் என்று மனப்பாடம் செய்தோம். பரீட்சை முடிந்து வேலைக்கு வந்ததும் எழுதுவதை விட்டுவிட்டு வாயால் கெஞ்ச ஆரம்பித்தோம். முதலாளிக்கு இது ரொம்ப வசதி. வாயால் கேட்டதற்கும் வாயால் மறுத்ததற்கும் சாட்சி இல்லை.

சட்டம் சொல்வது இதுதான். 1948-ன் தொழிற்சாலைகள் சட்டப்படி ஒரு காலண்டர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் வீதம் அடுத்த ஆண்டு சம்பளத்தோடு விடுப்பு. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த 240 நாள் 180 ஆகக் குறைந்திருக்கிறது; இருபதுக்கு ஒன்று என்பது மாறவில்லை. லே-ஆஃபில் உட்காரவைத்த நாட்களும் இந்த 180-ஐ எட்டக் கணக்கில் சேரும், அவற்றுக்கு லீவு மட்டும் விளையாது. விடுப்புக்கு நடுவே வரும் பண்டிகை லீவு விடுப்பில் கழியாது. மிச்சமானது 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குப் போகும். ஆண்டு முடிவில் காசாகவும் கேட்கலாம்.

கடை, நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு 1947-ன் தமிழ்நாடு கடைகள் சட்டம். ஓர் ஆண்டு முடித்தவருக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை. அது போக உடம்பு சரியில்லாததற்கு 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள். மூன்று பன்னிரண்டு. கடைவீதியில் நடந்துபோய் எந்தக் கல்லாவில் வேண்டுமானாலும் இதைச் சொல்லிப் பாருங்கள். உங்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, "யாருங்க சொன்னது இப்படி?" என்று விசாரிப்பார்கள்.

இனி தாளை எடுங்கள். இப்படி எழுதுங்கள்:

"ஐயா, கடந்த ஆண்டு தங்கள் ஆலையில் 280 நாட்கள் வேலை செய்துள்ளேன். அதற்கு எனக்குச் சேர வேண்டிய சம்பளத்துடன் கூடிய விடுப்பு 14 நாட்கள். அதில் 6 நாட்களை வரும் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை எடுத்துக்கொள்கிறேன். அனுமதியைத் தயவுசெய்து எழுத்தில் தரவும்."

நாட்களை உங்கள் கணக்குப்படி மாற்றிக்கொள்ளவும். காய்ச்சல் வேண்டாம், ஆயா வேண்டாம், மாமன் மடி வேண்டாம். காரணமே எழுதாதீர்கள். உழைத்துச் சேர்த்த நாளை எடுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பழைய சட்டம் 15 நாள் முன்னதாக எழுதிக்கொடுக்கச் சொன்னது. அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். ஒரே ஆண்டில் மூன்று முறைக்கு மேல் பிரித்து எடுக்காமல் இருப்பதும் அப்படித்தான். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஆபீசில் கையெழுத்து வாங்குங்கள். போட மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். கிழங்கு சீசனில் ஆறு நாள் கேட்டுவிட்டு இந்தக் கையேட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

சரி, எழுதிக்கொடுத்தும் மறுத்துவிட்டார். இங்கேதான் இந்தக் கையேட்டின் உச்சக்கட்டம். எழுதிக் கேட்டு மறுக்கப்பட்ட விடுப்புக்கு அந்த 30 நாள் வரம்பு கிடையாது. பழைய சட்டத்திலும் உண்டு, புதிய தொகுப்பிலும் உண்டு. மறுக்க மறுக்க அது உங்கள் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். வேலையை விட்டு நின்றாலும், அவரே அனுப்பினாலும், இரண்டாவது வேலை நாளுக்குள் அந்த நாட்களுக்குரிய சம்பளத்தைக் கையில் தர வேண்டும். ஆக, "முடியாது" என்று முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட்டால், பத்திரமாக வாங்கி ரேஷன் கார்டோடு வையுங்கள். அவர் உங்களுக்கு எழுதிக் கொடுத்தது ஒரு கடன் பத்திரம்.

படி 8: சேலத்துக்கு ஒரு தபால்

அதையும் தரவில்லை என்றால் புகார். கடை என்றால் தொழிலாளர் துறையின் உதவி ஆணையர், அமலாக்கப் பிரிவு. பேக்டரி என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். வழக்கு என்று போனால் தொழிலாளர் நீதிமன்றம். எல்லாம் சேலத்தில். வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் தாண்டிப் போய்த் திரும்ப ஒரு பகல் ஆகும். ஆபீஸ் திறந்திருப்பது வேலை நாளில். ஆகவே லீவு தரவில்லை என்று புகார் கொடுக்க ஒரு நாள் லீவு வேண்டும். இந்த இடத்தில் திரும்பப் படி 1-க்குப் போய்விடாதீர்கள். புகாரையும் தபாலிலேயே அனுப்பலாம். விண்ணப்பப் பிரதியும் ஒப்புகைச் சீட்டும் கூட இருக்கட்டும்.

தனியாக அனுப்புவதைவிடச் சேர்ந்து அனுப்புவது நல்லது. ஒருவர் தாளை நீட்டினால் அதற்குப் பெயர் திமிர். இருபது பேர் ஒரே நாளில் நீட்டினால் அதற்குப் பெயர் கோரிக்கை. சட்டம் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. முதலாளி அப்படிப் பார்ப்பதில்லை. 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கூட்டம் போட்டபோது மே 1 லீவு நாள் அல்ல. பிறகு சட்டத்தில் ஏறியது. தானாக ஏறவில்லை.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. கிழங்கு காத்திருக்காது என்பது சரி. அதற்குத்தான் யார் எப்போது போவது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே ஓர் அட்டவணை போட்டு ஒட்டிவைக்கப் பழைய சட்டமே வழி சொன்னது. ஆடியில் ஆறு பேர், ஆனியில் ஆறு பேர் என்று எழுதி ஒட்டினால், நீங்கள் மாலை வாங்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

தொழிலாளிகளுக்குக் கடைசியாக ஒரே ஒரு வீட்டுப்பாடம். போன வருடம் எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள் என்று இன்று ராத்திரி உட்கார்ந்து எண்ணுங்கள். சம்பளச் சீட்டு இருந்தால் அதைப் பாருங்கள், இல்லாவிட்டால் காலண்டரைப் பாருங்கள். 180-க்குக் குறையாமல் இருந்தால் இருபதால் வகுங்கள். வருகிற எண்ணைத் தாளில் எழுதி, நாளைக்குக் காலையில் போணி ஆவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.